பத்து கிலோ கட்லாவும் பால்வாடித் தராசும்

என் வீட்டுக்காரர் பால்ராஜுக்குக் கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். ஒன்பது வருடம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துவிட்டு, போன வருடம் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். மனுஷன் என்ன கொண்டு வந்தார் என்று கேளுங்கள். சக்கரம் வைத்த தூண்டில் கழி. மடக்கினால் முழங்கை நீளம், இழுத்து நீட்டினால் வீட்டுக்குள் நிறுத்த இடமில்லை. அதற்கு ஜிப் வைத்த உறை வேறு. எனக்கு வாங்கி வந்த சேலை ஒரு பாலிதீன் பைக்குள் சுருண்டு கிடந்தது.

"அங்கிட்டெல்லாம் மீனப் புடிச்சு, எடை போட்டு, போட்டோ எடுத்துட்டு, திரும்பத் தண்ணியிலயே விட்ருவாங்க ஜெனி," என்றார்.

"விடுறதுக்கு எதுக்குங்க புடிக்கணும்?"

"அது ஒரு இது."

எது என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். வேதக் கோயிலுக்கு நேர் பின்னால் கண்மாய். ஊர்க் கமிட்டி மீன்குஞ்சு வாங்கி விடும். கோடையில் தண்ணீர் வற்றியதும் ஒரு நாள் குறித்து, கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார்கள். சுற்றுப்பட்டு சனமெல்லாம் ஊத்தாக் கூடையும் வலையுமாக உள்ளே இறங்கும். துண்டு வீசும் வரை யாரும் ஒரு அயிரையைக்கூட எடுக்கக் கூடாது. நாலு வருடமாக நல்ல மழை, தண்ணீர் வற்றவே இல்லை, துண்டும் வீசவில்லை. உள்ளே கட்லாவெல்லாம் தின்று கொழுத்துக் கிடந்தன. கமிட்டிச் செயலாளர் என் கூடப்பிறந்த தம்பி ஜெரால்டுதான். "மச்சான் புடிச்சாலும் திரும்ப விட்ருவாரு, கண்மாய்க்கு ஒரு நட்டமும் இல்ல" என்று ஊர்க் கூட்டத்தில் பேசி, இவருக்கு மட்டும் அனுமதி வாங்கிக் கொடுத்தான். அவனை அன்றைக்கே இரண்டு சாத்து சாத்தியிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கதை. ஆவணியில் ஆறு கிலோ கட்லா பிடித்து விட்டாராம். ஐப்பசியில் எட்டு கிலோ. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பத்துக்கும் மேலே, "சுளையா" என்றார். ஒன்றுக்கும் சாட்சி கிடையாது. போட்டோ காட்டச் சொன்னால் அதில் ஒரு கையும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. டீக்கடையில் 'புளுகு பால்ராஜ்' என்று பேர் வைத்துவிட்டார்கள். இவர் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். நானும் போய்த் தொலையட்டும் என்றுதான் இருந்தேன், ஷெரின் விஷயம் வருகிற வரைக்கும்.

நான் ஊர் அங்கன்வாடியில் டீச்சர். பதினான்கு வருடமாக மாதா மாதம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறேன். பச்சையில் இருந்தால் நல்லது, மஞ்சளுக்கு இறங்கினால் கவனம், சிவப்பு என்றால் ஓடணும். ஷெரினின் மகள் இசைவாணிக்குப் பதினான்கு மாதம். தகப்பன் துபாயில். தையில் ஏழு கிலோ அறுநூறு இருந்த பிள்ளை மாசியில் ஏழு இருநூறுக்கு வந்துவிட்டது. புள்ளி மஞ்சளில் விழுந்தது. அந்த வயதுப் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே எனக்குச் சோறு இறங்காது. இது இறங்கியே விட்டது. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னேன்.

நாலாவது தடவை அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை தாய்மார் இருக்கிற இடத்தில், பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஒங்க வீட்டுல அண்ணே அஞ்சு கிலோ மீன பத்துங்கிறாரு. நீங்க எம்புள்ளைய ஏழுங்கிறீங்க. ஒரே வீட்டு எடைதான டீச்சர்? அவரு கூட்டுறத நீங்க கழிக்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்றைக்குப் போனவள்தான், அப்புறம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால்வாடிப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்கு வந்து நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, பக்கத்து வீட்டுக்காரர்கள் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "ஒங்க பீத்தலுக்கு என் தராசு பழி சொமக்குதுங்க! அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன். எப்போதும் இரண்டு வார்த்தை எதிர்த்துப் பேசுகிற மனுஷன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நெசமாவே கொறஞ்சிருக்கா ஜெனி?" என்று மட்டும் கேட்டார்.

"பின்னே நான் என்ன கதையா சொல்றேன்?"

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போய் ஜெரால்டிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்தார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் பத்து கிலோ கட்லா ஒன்றைப் பிடித்து, ஊர் பார்க்க எடை போட்டுக் காட்டுவாராம். காட்டாவிட்டால் அந்த சிங்கப்பூர்த் தூண்டில் ஜெரால்டுக்கு. தான் பொய்யன் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், தராசின் பேரும் தன்னால் சரியாகிவிடும், ஷெரினும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவாள் என்பது அவர் கணக்கு. எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பத்து நாள் தவிட்டையும் புண்ணாக்கையும் உருட்டி உருட்டி எறிந்தார். வீடெல்லாம் புண்ணாக்கு வாசம். ஒன்றும் மாட்டவில்லை. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறோம், கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு கூச்சல். "ஜெனீ! ஏய் ஜெனீ!" பூசைக்குக்கூட வராமல் மனுஷன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். கழி வில்லாய் வளைந்து கிடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு ஊரே கரைக்கு ஓடியது. முக்கால் மணி நேரம் இழுபறி. மீன் அங்கிட்டு இழுக்க, இவர் இங்கிட்டு இழுக்க, கடைசியில் வலைப்பைக்குள் தள்ளித் தண்ணீரோரமாகக் கொண்டுவந்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். அம்மாடி! அவ்வளவு பெரிய தலை. செதில் ஒவ்வொன்றும் ஐந்து ரூபாய்க் காசு அளவு. என் புருஷன் ஒரு தடவையாவது உண்மை சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பத்து இருக்கும்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"இருக்கும்னா பத்தாது. இருக்கான்னு பாக்கணும் மச்சான்," என்றான் ஜெரால்டு.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. எடை போடுவது எப்படி?

இவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கருவியும் கொண்டு வந்திருந்தார். மீனின் வாயைக் கவ்வித் தூக்கினால் எடை தன்னால் காட்டும். கரையில் கிடந்த பையிலிருந்து ஜெரால்டு அதை எடுத்து நீட்டினான். இவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"இது சின்ன மீனுக்குத்தான் மாப்ள. இம்புட்டு எடைய தாடையில தொங்கவிட்டா கிழிஞ்சிரும். தண்ணியில விட்டாலும் பொழைக்காது."

"அப்ப அரிசி மில்லுக்குத் தூக்கிட்டுப் போவம். பெரிய தராசு இருக்கு."

"மில்லு ரெண்டு கிலோமீட்டரு. போய்ச் சேருறதுக்குள்ள கருவாடாயிரும்."

கூட்டத்திலிருந்து யாரோ, மருந்துக்கடை வாசலில் இருக்கும் எடை மெஷினைத் தூக்கி வரலாம் என்றார்கள். பால்ராஜ் மீனோடு ஒரு தடவை, மீன் இல்லாமல் ஒரு தடவை ஏறி நிற்க வேண்டியது, கழித்தால் மீன் எடை. நல்ல யோசனைதான். ஆனால் இவர் முகம் சுருங்கிவிட்டது. கல்யாணப் பேச்சின்போது எழுபத்திரண்டு கிலோ என்று சொன்னவர், அதற்கப்புறம் எந்த மெஷினிலும் ஏறியதில்லை. கட்டில் சட்டம் இரண்டு தடவை முறிந்ததிலிருந்து எனக்கு ஒரு உத்தேசக் கணக்கு உண்டு.

"அதெல்லாம் வேணாம். ஒரு டேப்பு குடுங்க. நீளத்தையும் வயித்துச் சுத்தளவையும் அளந்தா ஒரு கணக்கு இருக்கு. சரியா வந்துரும்."

"கணக்கு யாரு போடுறது?" என்றான் ஜெரால்டு.

"நாந்தான்."

கரையே சிரித்தது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஆளாளுக்கு அதைக் கெடுத்தார்கள். மீன் வலைக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்ப்பா, இந்த ஊருப் புள்ளைங்க அத்தனையையும் நாந்தான தூக்கி எடை போடுறேன்? இதுவும் ஒரு புள்ள. கொஞ்சம் வழுக்கும். அவ்வளவுதான," என்று சொல்லிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

அங்கன்வாடி சாவி என் இடுப்பிலேயே இருக்கும். தொங்கு தராசையும் பிள்ளைகளைப் போடுகிற தூளியையும் எடுத்து வந்து, கரைப் புளியமரத்துத் தாழ்ந்த கிளையில் மாட்டினேன். காலித் தூளியைக் கொக்கியில் போட்டு, முள் சரியாகச் சைபரில் நிற்கும்படி திருகினேன். கையெழுத்துப் போடுகிற மாதிரி பழகிப்போன வேலை. ஜெரால்டு பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துத் தலையை ஆட்டினான்.

"வெறுந் துணியில வச்சா மேல இருக்குற வழுவழுப்பு போயிரும், மீனுக்கு நோவு வந்துரும்," என்று இவர் தூளியைக் கழற்றித் தண்ணீரில் முக்கி எடுத்தார். இருவருமாக மீனை அதில் கிடத்தினோம். ஒரு பக்கம் தலை, ஒரு பக்கம் வால், நடுவில் தொப்பை. தூக்கி மாட்டியதும் அது உதறிய உதறலில் கிளையே ஆடியது. முள் எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் ஓடியது.

"படிக்காத, ஆடுது," என்று ஜெரால்டை அதட்டினேன். அழுகிற பிள்ளை எப்படியும் மூச்சு இழுக்க ஒரு நொடி நிறுத்தும். அந்த நொடியில்தான் முள்ளைப் படிக்க வேண்டும். ஈரத் துணியின் நுனியால் மீனின் கண்ணை மூடினேன். என்னை அறியாமல் வாய், "ஓ... ஓ... அழக்கூடாது, தங்கம்ல, முடிஞ்சிருச்சு முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில், தலையில் முக்காட்டுடன், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஷெரின் நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன் அடங்கியது. முள் நின்றது.

"பத்து... பத்து முன்னூறு!" என்று கத்தினான் ஜெரால்டு.

என்ன விசில், என்ன கைதட்டல்! இவர் எதையும் கண்டுகொள்ளாமல் தூளியை இரண்டு கையால் ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் போனார். மீனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வால் ஒரு தடவை அசைந்தது, இரண்டு தடவை அசைந்தது, அப்புறம் கையை விட்டு நழுவிப் போய்விட்டது. போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொன்ன அந்த 'இது' என்னவென்று அப்போது எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் குனிந்து கீழே பார்த்தேன். தூளியிலிருந்து சொட்டிய தண்ணீர் என் காலடியில் குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. நான் சைபர் வைத்தது உலர்ந்த தூளிக்கு. மீன் ஏறியது நனைந்த தூளியில். கெட்டித் துணி, குடம் தண்ணீர் குடிக்கும். பதினான்கு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. பிள்ளை மூத்திரம் போய்விட்டால்கூடத் துணியை மாற்றிவிட்டுத்தான் படிப்பேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜெரால்டு இவரைக் கட்டிப்பிடித்து, "மச்சான், நான் தோத்துட்டேன், ஒத்துக்கிறேன்" என்கிறான். டீக்கடைக்காரர் கை குலுக்குகிறார். ஆறு மாதமாக என் புருஷனைப் புளுகன் என்ற ஊர், வாய் நிறைய பால்ராஜு, பால்ராஜு என்கிறது. ஷெரின் வேறு பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஒரு எடை நின்றால் அவள் பிள்ளையைத் தூக்கி வருவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை, மீனும் போய்விட்டது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

இவர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தார். சிரித்த முகம். அந்த முகத்தோடேயே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தவர், ஷெரினையும் அவள் இடுப்பிலிருந்த பிள்ளையையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. கையிலிருந்த தூளியைப் பார்த்தார். அதைப் பிழியாமல் அப்படியே என்னிடம் நீட்டினார்.

"ஜெனி, இத திருப்பி மாட்டு."

"எதுக்குங்க?" என்றேன்.

"மாட்டுங்கிறேன்ல."

மாட்டினேன். காலித் தூளி. முள் நகர்ந்து ஐநூறில் போய் நின்றது. ஜெரால்டு அதையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பத்து முன்னூறுல ஐநூறு போனா ஒம்போது எண்ணூறு," என்றார் இவர், ஊருக்கே கேட்கும்படி. "பத்து இல்ல மாப்ள. எரநூறு கொறவு. நீதான் செயிச்ச."

"அட என்ன மச்சான், எரநூறு கிராமெல்லாம் ஒரு..."

"கொறவுன்னா கொறவுதான்."

கழியை ஒவ்வொரு கணுவாக மடக்கினார், உறைக்குள் போட்டார், ஜிப்பை இழுத்தார், ஜெரால்டின் கையில் வைத்தார். ஜெரால்டு அடுத்தவர் பிள்ளையை வாங்கியவன் மாதிரி திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை. இவர் யார் முகத்தையும் பார்க்காமல் தராசைக் கையால் தொட்டுக் காட்டினார்.

"இது அவ தராசு. நான் அள்ளிவிட்ட கதைக்கெல்லாம் இது பொறுப்பில்ல," என்று சொல்லிவிட்டு, ஈர வேட்டி காலைத் தட்ட வீட்டுப் பக்கம் நடந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. ஊர் நிற்கிறதே என்று நின்றுவிட்டேன்.

கூட்டம் கலைந்தது. நான் தராசைக் கழற்றப் போனேன். பின்னால் ஷெரின் வந்து நின்றாள்.

"பத்து முன்னூறுன்னு கத்துனப்பவே ஒங்களுக்குத் தெரியும்ல டீச்சர்?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். இவ்வளவுக்கு அப்புறமும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியும் ஷெரினு. அவருக்காக வாய மூடிட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா, அழுகையா, எனக்குத் தெரியவில்லை. பிள்ளையின் சட்டையைக் கழற்றினாள். தலையிலிருந்த துப்பட்டாவை உருவிக் கொக்கியில் கட்டி, "சைபர் வைங்க, நான் பாக்குறேன்" என்றாள். வைத்தேன். குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையை என் கையில் கொடுத்தாள்.

"எம்புள்ளைக்கு வாய மூடாம சொல்லுங்க டீச்சர்."

இசைவாணி அழக்கூட இல்லை. அழுகிற தெம்பில்லாமல் துப்பட்டாவில் சுருண்டு கிடந்தது. முள் ஆடவே இல்லை, போன வேகத்தில் நின்றுவிட்டது.

"ஏழு கிலோ," என்றேன். "போன தடவைய விட எரநூறு கொறவு. இன்னும் கொஞ்சம் எறங்குனா செவப்பு. டாக்டர்ட்ட காட்டியே ஆகணும்."

எரநூறு கிராம்தானே என்று அவள் சொல்லவில்லை. பிள்ளையை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"காலையில மொத பஸ்ஸு எத்தன மணிக்கு டீச்சர்?"

"அஞ்சே முக்காலுக்கு. நானும் வாரேன்," என்றேன்.